மலைவேம்புக் குச்சியில் பழகிய கை, மழையில் வாங்கிய கோப்பை: கோல்ஃப் வீரர் பாப்வா யார்?

மல்லாங்கிணறு பக்கம் கோல்ஃப் மைதானம் எதுவும் இல்லை. கொடைக்கானல் மலை ஏறினால்தான் ஒன்றைப் பார்க்கலாம். 1895-ல் தொடங்கிய கிளப் அது. கரிசல் காட்டுப் பையன்களுக்குத் தெரிந்த கோல்ஃப் என்றால் கிட்டிப்புள்தான். சில ஊர்களில் செல்லாங்குச்சி என்பார்கள். வேப்பங்கிளையை வெட்டி, பட்டையைச் சீவி, கைக்குத் தோதாக ஒரு குச்சி. அவ்வளவுதான் செலவு.

அதே பையன்களில் சிலர் படித்துவிட்டு சென்னை, பெங்களூரு என்று வேலைக்குப் போனதும் ஆபீஸ் நண்பர்களோடு ஒரு சனிக்கிழமை டிரைவிங் ரேஞ்ச் பக்கம் போகிறார்கள். ஒரு வாளி பந்து, வாடகைக்கு ஒரு கிளப். (கோல்ஃபில் பந்தை அடிக்கும் மட்டைக்கும் கிளப் என்றுதான் பெயர், ஆடுகிற சங்கத்துக்கும் கிளப் என்றுதான் பெயர். இந்தக் கதையில் இரண்டுமே வரும், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) நாலு வாரம் போனதும் எல்லோருக்கும் ஒரே சந்தேகம்தான். பந்து நேராகப் போகவில்லையே, தப்பு என் கையிலா, கிளப்பிலா? புது டிரைவர் வாங்கினால் சரியாகிவிடுமா? நல்ல பிராண்டில் முழு செட் என்றால் லட்சத்தைத் தாண்டும். உயரத்துக்கும் வீச்சுக்கும் ஏற்ப கிளப்பை அளந்து கொடுக்கும் ஃபிட்டிங், பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் திரையில் காட்டும் லாஞ்ச் மானிட்டர் என்று அது ஒரு தனி உலகம்.

அந்தச் சந்தேகத்தோடு படிக்க வேண்டிய வாழ்க்கை ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், மரக்கிளையைச் சீவி கிளப் செய்துகொண்ட ஒரு இந்திய வம்சாவளிப் பையன். அவன் வெட்டிய மரம் அங்கே சிரிங்கா எனப்படுகிறது. நம்மூரில் அதற்கு மலைவேம்பு என்று பெயர், வேம்பின் குடும்பம்தான். அந்தப் பையன் வளர்ந்து, தன் காலத்தின் தலைசிறந்த கோல்ஃப் வீரர்களில் ஒருவரான கேரி பிளேயரைத் தோற்கடித்தார். பெயர், செவ்சங்கர் செவ்கோலம். எல்லோருக்கும் பாப்வா.

யார் இந்த பாப்வா?

செவ்சங்கர் என்பதைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். சிவசங்கர்தான். கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் பெயர்களை வெள்ளைக்கார குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதிவைத்தார்கள். அப்படித்தான் கவுண்டர் அங்கே கோவெண்டர் ஆனார், முதலியார் மூட்லி ஆனார். முதல் கப்பலான ட்ரூரோ, சென்னையிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தில் சேர்ந்தது. 1911 வரை ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் இப்படிப் போனார்கள். பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாகப் போன தமிழ், தெலுங்கு மக்கள். மிச்சப் பேர் கல்கத்தா வழியாகப் போன வட இந்தியர்கள். காந்தி வக்கீல் வேலைக்குப் போய் இறங்கியதும் இதே டர்பனில்தான்.

பாப்வா பிறந்தது 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில். ஏழைக் குடும்பம். அம்மாவுக்குக் கண் தெரியாது. அப்பா சீக்கிரமே போய்விட்டார். படிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் பீச்வுட் என்ற கோல்ஃப் கிளப் இருந்தது. வெள்ளையர்களுக்கான கிளப். அங்கே கறுப்பினத்தவரும் இந்தியரும் நுழைய ஒரே வழி, கேடியாகப் போவது. அதாவது ஆடுகிறவரின் பையைத் தோளில் சுமந்து 18 குழிகளும் நடப்பது, பந்து எங்கே விழுந்தது என்று பார்ப்பது, கேட்டால் எந்த கிளப்பை எடுக்கலாம் என்று சொல்வது. குடும்பத்துக்கு அந்தக் காசு தேவைப்பட்டது.

கேடி வேலையை லேசாக நினைக்க வேண்டாம். கோல்ஃபுக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் குறைவு. கடற்காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, புல்வெளி எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தத் தப்புக்கு எவ்வளவு விலை, எல்லாமே தினமும் கண்முன்னால் நடக்கும். நம் நாட்டிலும் இந்த வழியில் வந்தவர்கள் உண்டு. 1991-ல் இந்தியன் ஓபனை வென்ற அலி ஷேர் டெல்லியில் கேடியாக இருந்தவர். 2009-ல் அதே பட்டத்தை வென்ற பெங்களூரு முனியப்பாவும் அப்படித்தான்.

கை மாறிப்போன கதை

மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துப் பார்த்து, சீவிய குச்சியை வைத்து பாப்வா தானாகவே பழகினார். சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அதனால் ஒரு விஷயம் தலைகீழாகிவிட்டது.

கிரிக்கெட் பேட்டைப் பிடித்துப் பார்த்தால் இது எளிதாகப் புரியும். வலதுகை பேட்ஸ்மேனுக்கு இடது கை மேலே, வலது கை கீழே இருக்கும். கோல்ஃபிலும் வலதுகை ஆட்டக்காரர் அப்படித்தான் பிடிப்பார். பாப்வா வலதுகை ஆட்டக்காரர் நிற்கிற பக்கமே நின்று, வலது கையை மேலேயும் இடது கையைக் கீழேயும் வைத்தார். அப்படியே பேட்டைப் பிடித்து ஒரு கவர் டிரைவ் ஆடிப் பாருங்கள். கை பின்னிக்கொள்ளும். மணிக்கட்டு பாதியில் முரண்டு பிடிக்கும். தூரமாக அடிக்க வேண்டிய ஆட்டத்தில் இதை வைத்துக்கொண்டு ஒருவர் சர்வதேசப் பட்டம் வாங்கினார் என்றால் நம்புவது கஷ்டம்தான்.

ஆனால் இந்தப் பிடியில் ஒரு சௌகரியமும் உண்டு. கீழே இருக்கும் இடது கை, இலக்கை நோக்கிய மணிக்கட்டை மடங்கவிடாமல் நேராக வைத்திருக்கும். கிளப்பின் முகம் சட்டென்று திரும்பாது. குழிக்குப் பக்கத்தில் பந்தை மெல்ல உருட்டும் பட்டிங்கில் இது பெரிய உதவி. இன்றைக்கு ஜோர்டான் ஸ்பீத் போன்ற முன்னணி வீரர்கள் பட்டிங்குக்கு இடது கையைக் கீழே வைத்துத்தான் பிடிக்கிறார்கள். அவர்கள் அதை பட்டருக்கு மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். பாப்வா டிரைவர் முதல் பட்டர் வரை எல்லாவற்றுக்கும் அதே பிடிதான். உலக அளவில் தேடினால் அமெரிக்கக் கறுப்பின வீரர் சார்லி ஓவன்ஸ் போல ஓரிருவர்தான் இந்த வகையில் கிடைப்பார்கள்.

ஒரு நல்ல கோச் சிறு வயதில் கிடைத்திருந்தால் முதல் நாளே கையை மாற்றச் சொல்லியிருப்பார். அதனால் பாப்வா இன்னும் பெரிய வீரராகியிருப்பாரா, சாதாரண ஆட்டக்காரராகிப் போயிருப்பாரா? சொல்ல முடியாது. கையில் கிடைத்த பழைய கிளப்புகளோடு தன் பிடியை ஒத்துப்போக வைத்தார், பல்லாயிரம் தடவை அடித்து அடித்தே. இதைப் படித்துவிட்டு நாளைக்கே யாரும் கையை மாற்றிப் பிடித்து முதுகைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். அது அவருடைய பிடி, அவருடைய உழைப்பு.

முகப்பூச்சு முதலாளி கொடுத்த வாய்ப்பு

பதின்ம வயதிலேயே வெள்ளையர் அல்லாதவர்களுக்கான அமெச்சூர் போட்டிகளில் பாப்வா ஜெயிக்க ஆரம்பித்துவிட்டார். அதற்கு மேல் போக வழியில்லை. 1948-ல் தென்னாப்பிரிக்காவில் நேஷனல் கட்சி ஆட்சிக்கு வந்தது. அபார்ட்ஹெய்ட் எனப்படும் இனப்பாகுபாடு சட்டமானது. 1950-ல் வந்த குழுப் பகுதிகள் சட்டம், எந்த நிறத்தவர் எங்கே வீடு வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று நகரத்தையே கோடு போட்டுப் பிரித்தது. 1953-ல் வந்த சட்டம் பெஞ்ச், கடற்கரை, கழிப்பறை வரை தனித்தனியாக்கியது. வெள்ளையர் பகுதியில் இருக்கும் கோல்ஃப் மைதானத்தில் ஒரு இந்தியர் போட்டியில் ஆடுவதற்குத் தடையாக இருந்தவை இந்தச் சட்டங்களும், கிளப்புகளின் சொந்த விதிகளும்தான்.

பீச்வுட்டில் பாப்வா யாருடைய பையைச் சுமந்தாரோ, அவர்களில் ஒருவர் கிரஹாம் வுல்ஃப். வேதியியல் படித்தவர். மனைவிக்குப் பிசுபிசுப்பில்லாத முகப்பூச்சு வேண்டுமென்று வீட்டிலேயே சோதனை செய்து ஒன்றை உருவாக்கி, 1950-களின் தொடக்கத்தில் டர்பனில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆயில் ஆஃப் ஓலே. இன்று பல வீடுகளின் டிரெஸ்ஸிங் டேபிளில் இருக்கும் அதே ஓலேதான். வுல்ஃப் தன் கேடியின் ஆட்டத்தைப் பார்த்து வியந்தார். தன் கம்பெனியில் வேலை கொடுத்தார். உள்நாட்டில் கதவு திறக்காது என்று தெரிந்ததும், 1959-ல் பாப்வாவை பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் கூட்டிப்போனார்.

அந்த ஆண்டே டச் ஓபன் பட்டம் பாப்வாவுக்கு. பழைய தேசியப் போட்டிகளில் ஒன்று அது, 1912-ல் தொடங்கியது. ஓபன் போட்டி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: நான்கு சுற்று, ஒவ்வொன்றும் 18 குழிகள், எல்லாவற்றையும் சேர்த்து குறைவான அடிகளில் முடிப்பவர் ஜெயிப்பார். நடுவர் தயவு, அணித் தேர்வு எதற்கும் இடமில்லை. பந்து குழியில் விழ வேண்டும், எண்ணிக்கை குறைவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பாப்வா 1960-லும் அதை வென்றார். 1964-ல் மூன்றாவது முறையாகவும். பின்னாளில் ஸ்பெயினின் சேவே பாலெஸ்டெரோஸ் டச் ஓபனை மூன்று முறை வென்றார். அவரும் கேடியாக இருந்தவர். ஒரே ஒரு கிளப்பை வைத்துக்கொண்டு கடற்கரை மணலில் ஆடிப் பழகியவர். சேவேயின் பெயர் கோல்ஃப் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். பாப்வா பெயரைச் சொன்னால் பாதிப் பேர் முழிப்பார்கள்.

1959-ல் அமெரிக்கா மட்டும் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. அங்கே தொழில்முறை கோல்ஃப் வீரர்களின் சங்கமான பி.ஜி.ஏ.வின் விதிகளில் வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற வரி 1961 வரை இருந்தது.

1963: அந்த மழை நாள்

டச் ஓபனை இரண்டு முறை வென்றவரைச் சொந்த ஊர்ப் போட்டிக்கு வெளியே நிறுத்துவது அரசுக்கே சங்கடமாகிவிட்டது. கடைசியில் தனி அனுமதி கொடுத்தார்கள். அப்படித்தான் 1963-ல் நேட்டால் ஓபனில் பாப்வா ஆடினார். இடம் டர்பன் கண்ட்ரி கிளப், நாட்டின் மிகப் பிரபலமான மைதானங்களில் ஒன்று.

அனுமதி புல்வெளிக்கு மட்டும்தான். கிளப் ஹவுஸுக்குள் நுழையக் கூடாது. மற்றவர்கள் உடை மாற்றும் அறையில் மாற்றக் கூடாது. மற்றவர்கள் சாப்பிடும் இடத்தில் சாப்பிடக் கூடாது. அதே கட்டடத்துக்குள் இந்தியர்கள் தட்டு ஏந்திப் பரிமாறலாம், அதற்குத் தடையில்லை. பையைச் சுமந்தால் பிரச்னை இல்லை. சொந்தப் பையோடு வந்தால்தான் பிரச்னை.

பாப்வா அந்தப் போட்டியில் ஜெயித்தார். தென்னாப்பிரிக்காவில் ஒரு மாகாண ஓபனை வென்ற முதல் வெள்ளையரல்லாத வீரர் அவர்தான். பரிசளிப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. வெள்ளை வீரர்களும் விருந்தினர்களும் கட்டடத்துக்குள் ஒதுங்கினார்கள். ஜெயித்தவர் உள்ளே போக முடியாது. மழையில் நனைந்தபடி வெளியிலேயே நின்று கோப்பையை வாங்கினார். அந்தப் படம் உலகெங்கும் பத்திரிகைகளில் வந்தது.

இன்றைய மொழியில் சொன்னால் வைரல் ஆனது. அபார்ட்ஹெய்ட் என்றால் என்ன என்று பக்கம் பக்கமாக விளக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த ஒரு படம் போதுமானதாக இருந்தது. தென்னாப்பிரிக்காவுடன் விளையாட்டு உறவு கூடாது என்ற குரல் வலுத்துக்கொண்டிருந்த காலம் அது. இந்தியா 1946-லேயே அந்த நாட்டுடன் வணிகத்தை நிறுத்தியிருந்தது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு இடமில்லை என்றானது.

பாப்வாவுக்கு இதில் ஒரு இக்கட்டு இருந்தது. அதைப் பலர் எழுதாமல் தாண்டிப்போவார்கள். இனப்பாகுபாடு இல்லாத விளையாட்டுக்காகப் போராடியவர்களில் பலர், அரசிடம் அனுமதிச் சீட்டு வாங்கி ஆடுவதையே எதிர்த்தார்கள். சீட்டை வாங்கினால் சட்டத்தை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பாப்வா அரசியல்வாதி இல்லை. வேறு தொழில் தெரியாதவர், வீட்டில் மனைவி, பிள்ளைகள். கோல்ஃப் ஆடினால்தான் அடுப்பெரியும். சீட்டு வாங்காமல் ஆட வழியில்லை. வாங்கி ஆடினால் தம் பக்கத்து ஆட்களே முகம் சுளிப்பார்கள். வெள்ளை அரசுக்கோ அவர் ஜெயிப்பதே பிடிக்கவில்லை. மேடை ஏறாத, அறிக்கை விடாத ஒருவர், சும்மா ஆடியதாலேயே இரண்டு பக்கமும் பேசுபொருளானார்.

அதே 1963-ல் பிரிட்டிஷ் ஓபனில் பதின்மூன்றாவது இடத்தைப் பகிர்ந்தார். உலகின் மிகப் பழைய கோல்ஃப் போட்டி அது. தலைகீழ்ப் பிடியோடு அங்கே அந்த இடம் சாதாரண விஷயம் இல்லை.

கேரி பிளேயர் தோற்ற கதை

1965 நேட்டால் ஓபன். இந்த முறை எதிரில் கேரி பிளேயர். தென்னாப்பிரிக்காவின் செல்லப்பிள்ளை. 1959-ல் பிரிட்டிஷ் ஓபன், 1961-ல் மாஸ்டர்ஸ், 1962-ல் அமெரிக்க பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் என்று பட்டங்களை அடுக்கிவைத்திருந்தவர். உடற்பயிற்சி, உணவுக் கட்டுப்பாடு, நேரம் தவறாத பயிற்சி என்று கோல்ஃபில் இன்று எல்லோரும் செய்வதை அன்றே செய்தவர். அதே 1965-ல் அமெரிக்க ஓபனையும் வென்று, நான்கு பெரிய பட்டங்களையும் வாங்கிய மூன்றாவது மனிதர் ஆனார்.

அந்த கேரி பிளேயர் ஆடிய போட்டியில் கோப்பை பாப்வாவுக்குப் போனது. பள்ளி வாசல் அதிகம் பார்க்காத, கோச்சிங் என்ற சொல்லையே அறியாத, கையை மாற்றிப் பிடிக்கும் முன்னாள் கேடிக்கு. டர்பனின் இந்தியர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். கோவெண்டர்களும் நாயுடுகளும் பிள்ளைகளும், கல்கத்தா வழி வந்தவர்களும் அன்றைக்கு ஒன்றாகத்தான் நின்றார்கள். தங்களில் ஒருவர், தங்களை உள்ளே விடாத இடத்தில் போய் ஜெயித்திருக்கிறார்.

இந்தியாவில் அதே 1965-ல் வேறொரு சந்தோஷம். அதற்கு முந்தைய ஆண்டுதான் தொடங்கிய இந்தியன் ஓபனை, பி.ஜி.சேத்தி என்ற அமெச்சூர் வீரர் வென்றார். அந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்தியர். ஆக, ஒரே ஆண்டில் இரண்டு கண்டங்களில் இரண்டு வெற்றிகள். ஒருவருக்குப் பாராட்டு கிடைத்தது. இன்னொருவருக்குக் கிடைத்தது வேறு.

கேரி பிளேயர் 1966-ல் வெளியிட்ட புத்தகத்தில் தன் நாட்டு அரசின் இனக் கொள்கையை ஆதரித்து எழுதினார். 1969-ல் அமெரிக்காவில் ஆடும்போது அதற்காகவே போராட்டக்காரர்களின் எதிர்ப்பைச் சந்தித்தார். பின்னாளில் அந்த நிலையிலிருந்து விலகி வருத்தமும் தெரிவித்தார். 1971-ல் அமெரிக்கக் கறுப்பின வீரர் லீ எல்டரைத் தென்னாப்பிரிக்காவில் ஆட அழைத்து வந்ததும் இதே கேரி பிளேயர்தான். மனிதர்கள் மாறுவார்கள், பாப்வாவுக்கு அந்த மாற்றம் ரொம்பத் தாமதம்.

கதவு சாத்தப்பட்டது

1966-ல் அரசு முடிவெடுத்தது. பாப்வாவுக்கு நாட்டின் பெரிய போட்டிகளில் ஆட அனுமதி கிடையாது. பாஸ்போர்ட்டும் போனது. உள்ளூரிலும் ஆட முடியாது, ஐரோப்பாவுக்கும் போக முடியாது. வயது அப்போது முப்பதுகளின் நடுவில். கோல்ஃபில் அது ஆட்டம் பழுக்கிற வயது. காலை வேகம் காப்பாற்றும் ஆட்டமில்லை இது. நாற்பதைத் தாண்டியும் பெரிய பட்டங்கள் வென்றவர்கள் உண்டு. அவருக்கு மிச்சமிருந்த பத்து, பதினைந்து நல்ல வருஷங்களை ஒரு கையெழுத்து எடுத்துக்கொண்டது.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு பேசில் டொலிவெரா கதை தெரிந்திருக்கும். கேப் டவுனில் வெள்ளையரல்லாதவர் என்பதால் ஒதுக்கப்பட்டு, 1960-ல் இங்கிலாந்து போய், அந்த நாட்டு அணிக்கே ஆடியவர். 1968-ல் அவர் இடம்பெற்ற இங்கிலாந்து அணியை ஏற்க தென்னாப்பிரிக்க அரசு மறுத்தது, சுற்றுப்பயணமே ரத்தானது. 1970-லிருந்து அந்த நாட்டு கிரிக்கெட்டை உலகம் ஒதுக்கிவைத்தது. மீண்டும் அவர்கள் சர்வதேசப் போட்டி ஆடியது 1991 நவம்பரில், கல்கத்தா ஈடன் கார்டன்ஸில். டொலிவெரா வெளியேறி வேறு நாட்டில் வேர்விட்டார். பாப்வா டர்பனிலேயே இருந்தார், பாஸ்போர்ட் போன பிறகு வேறு வழியும் இல்லை.

அதன் பிறகு சொல்ல அதிகமில்லை. வருமானம் வற்றியது. மூன்று டச் ஓபன், இரண்டு நேட்டால் ஓபன் பட்டங்களுக்குச் சொந்தக்காரர் வறுமையில் நாட்களை ஓட்டினார். 1978-ல், ஐம்பது வயதை எட்டும் முன்பே இறந்துபோனார். மண்டேலா சிறையிலிருந்து வெளியே வர இன்னும் 12 ஆண்டுகள் இருந்தன.

இப்போது?

அபார்ட்ஹெய்ட் ஒழிந்தபின் அவரைப் பற்றிப் புத்தகங்கள் வந்தன. முக்கியமான ஒன்றை எழுதியவர் கிறிஸ்டோபர் நிக்கல்சன் என்ற தென்னாப்பிரிக்க நீதிபதி. ஒரு நீதிபதி எழுதியது பொருத்தம்தான். தீர்ப்பு வழங்கப்படாத வழக்கு மாதிரிதானே இது.

டர்பனில் உம்கேனி ஆற்றங்கரையில் ஒரு பொது கோல்ஃப் மைதானம் இருக்கிறது. அதற்குப் பெயர் பாப்வா செவ்கோலம் மைதானம். மாநகராட்சிக்குச் சொந்தமான இடம் என்பதால் பரம்பரை உறுப்பினர் அட்டை, சிபாரிசுக் கடிதம் எதுவும் வேண்டாம். கட்டணத்தைக் கட்டிவிட்டு யார் வேண்டுமானாலும் ஆடலாம். கிளப்பை எந்தக் கை மேலே, எந்தக் கை கீழே வைத்துப் பிடித்தாலும் சரி.